ஆகாயக் கணக்குப்பிள்ளை

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இவர் ஒருவர் இருப்பார். மகனோ மகளோ வெளிநாட்டு வேலைக்குப் போன மறுவாரமே இந்தப் பதவி இவருக்குத் தானாக வந்துவிடும். "பையன் லண்டன் கிளம்பிட்டான்" என்று லிஃப்டில் யாராவது வாய்விட்டால் போதும், "எந்த ரூட்டு?" என்பார். சொல்லாமல் தப்பித்தவர்கள் மாடிப்படியில் இறங்கியவர்கள்தான்.

சென்னைக்கும் லண்டனுக்கும் சுமார் 8,200 கிலோமீட்டர். நமக்கு அது போதும். இவருக்குப் போதாது. "அது காகம் பறக்கிற கணக்கு சார். சண்டை நடக்கிற நாட்டுக்கு மேலே விமானம் போகுமா? சுத்தித்தான் போகணும்." நேரம் மட்டும் சொன்னாலும் விடமாட்டார். வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்தா, ஓடுபாதையை விட்டு எழும்பியதிலிருந்தா என்பார். இரண்டுக்கும் நடுவே அரைமணி நேரம் தொலையுமாம்.

இவர் வீட்டுக்கு மாலையில் போவது ஆபத்து. பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வடதுருவம் வழியாகப் போவதுதான் குறுக்குவழி என்று நிரூபிக்க, ஒரு சாத்துக்குடியும் தையல் நூலும் கொண்டுவருவார். 2021 ஜனவரியில் பெண் விமானிகளே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிவந்த ஏர் இந்தியா விமானம் அந்த வழியில்தான் வந்தது, கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர் என்று நூலை இழுத்துக் காட்டுவார். எல்லாம் உண்மைதான். ஜூஸ் வரும் என்று உட்கார்ந்திருந்த விருந்தாளிக்குத்தான் சாத்துக்குடி பூமியாகிவிட்டது.

அடுத்தது டெல்லி கதை. 2016-இல் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் திருப்பியது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடியது, நேரமோ குறைந்தது. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. "தூரம் பெரிசா, காற்று பெரிசா?" என்று கேட்டு, நாம் பதில் சொல்லுமுன் "காற்று!" என்று தொடையில் தட்டிக்கொள்வார்.

மகன் ஊருக்குப் பறந்துவரும் இரவில், விமானம் நகர்வதைத் திரையில் காட்டும் செல்போனைக் கீழே வைப்பதில்லை.

"என்னங்க, சாப்பிட்டிருப்பானா?"

"35,000 அடி. மணிக்கு 900 கிலோமீட்டர்."

"அதில்லைங்க, சாப்பிட்டிருப்பானா?"

நடுக்கடலில் தரைக் கருவிகளுக்குச் சமிக்ஞை எட்டாது, திரையில் விமானம் ஊகத்தில்தான் நகரும் என்று ஊருக்கெல்லாம் விளக்கியவர் இவரே. ஆனாலும் திரையில் அது மறைந்துவிட்டால் கட்டிலில் படுக்கமாட்டார். கரை சேரும்வரை நாற்காலிதான்.

மறுநாள் மேற்கு மாம்பலத்திலிருந்து மீனம்பாக்கத்துக்குப் புறப்படுவார். பத்துக் கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரத்துக்கு இவரிடம் கணக்கே கிடையாது. கார் கத்திப்பாராவில் நிற்கும்போது போன் வரும்.

"அப்பா, எங்கே இருக்கீங்க? நான் இறங்கி ஒரு மணி நேரமாச்சு."

"தெரியும்டா! 8.40-க்கு வரவேண்டியவன் 8.18-க்கே இறங்கிட்டே. பின்காற்று நல்லா இருந்திருக்கு."