இரண்டு ஆரஞ்சுகளின் இயக்கவியல்

சீனப் புத்தாண்டின் பதினைந்து நாளையும் ஒரு குடும்பம் நான்கே நான்கு ஆரஞ்சுப் பழங்களைக் கொண்டு கௌரவமாகக் கடத்திவிடலாம். இது இக்கட்டுரையின் முதல் தேற்றம். அப்படியானால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீட்டுக்கு வீடு பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குகிறார்களே, அது எதற்கு என்பது அடுத்த கேள்வி. பரிசு என்னும் பொருள்பற்றி மார்செல் மோஸ் 1925இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில் பாலினேசியர் வருகிறார்கள், வடமேற்கு அமெரிக்கப் பழங்குடிகள் வருகிறார்கள். ஆரஞ்சுக்கென்று ஓர் அத்தியாயம் இல்லை. அந்தக் குறையை நிரப்பும் பொறுப்பு நம் தலையில் விழுந்திருக்கிறது.

முதலில் வரையறை. ஆரஞ்சு என்றது இங்கே மாண்டரின் ஆரஞ்சை. தோல் தளர்ந்து, நகம் பட்டாலே உரியும் இனம். ஃபூஜியான் மாநிலத்து யோங்சுன் பகுதியில் விளைந்து கப்பலேறி வருவதை மலேசியாவில் லோகாம் என்பார்கள். காம்போடு ஓர் இலையும் ஒட்டியிருந்தால் விசேஷம். கான்டனியர் பேச்சில் இப்பழத்தின் பெயர் பொன்னின் பெயர்போலக் கேட்பதால், பழம் கொடுத்தவர் பொன் கொடுத்தவராகிறார். மாண்டரின் எனவே சாத்துக்குடி விலக்கப்பட்டது; எலுமிச்சை சொல்லாமலே போம்.

இனி நிரூபணம். புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வருகிறவர் வெறுங்கையோடு வரலாகாது. இரண்டு பழங்களை இரு கையாலும் ஏந்தி வீட்டுக்காரரிடம் நீட்ட வேண்டும். ஒன்று கூடாது; நல்லது சோடியாகத்தான் வரவேண்டும். நான்கும் கூடாது, அந்த எண்ணை உச்சரித்தால் காதில் சாவு விழும். வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு, விருந்தினர் கிளம்பும்போது தம் வீட்டுப் பழங்களில் இரண்டை எடுத்துக் கொடுத்து அனுப்புவார். ஆக, இரண்டோடு வந்தவர் இரண்டோடு போகிறார். குடும்பத்து மூத்தவர் வீட்டில் தொடங்கி, இரண்டாம் நாள் மனைவியின் பிறந்தகம், பிறகு சித்தப்பா, மேலதிகாரி, பழைய அரசு வீடமைப்பு அடுக்ககத்து அண்டைவீட்டார் என்று சுற்றி முடித்து வாசல் திறக்கும்போதும் பையில் இரண்டு பழம். வந்த பழத்தையே திருப்பிக் கொடுப்பது மரியாதையன்று என்பதால் வீட்டில் தனியே இரண்டு இருப்பில் இருக்க வேண்டும். பயணிப்பவை இரண்டு, காத்திருப்பவை இரண்டு. தேற்றம் முற்றிற்று.

கூட்டுத்தொகை நான்கு வந்ததுதான் இத்தேற்றத்தின் துரதிர்ஷ்டம். மேலே சொன்ன காரணத்தால் எந்தச் சீனக் குடும்பமும் நான்கு பழத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டைத் தொடங்கச் சம்மதிக்காது. ஐந்து ஒற்றைப்படை. ஆறுக்குப் போனால் எட்டு இன்னும் நல்லது என்று பாட்டி சொல்வார். எட்டு வாங்கப் போனவரிடம் கடைக்காரர் பெட்டியைக் காட்டுவார். இரண்டாம் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

இதிலிருந்து பெறப்படுவதை ஆரஞ்சு அழிவின்மை விதி என்று பெயரிடுகிறோம். பழம் கைமாறுமேயன்றிக் குறையாது. களைப்பு மட்டும் உண்டு. முதல் நாள் மின்னிய பழம், பத்தாம் நாளுக்குள் பல வீட்டு வரவேற்பறைகளைப் பார்த்து, கார் இருக்கையில் வெந்து, வங்கியோ பேரங்காடியோ சின்னம் அச்சிட்டு இலவசமாகத் தந்த இரட்டைப் பழப் பைக்குள் வியர்த்து, கன்னம் ஒடுங்கிப்போகும். இந்தச் சுற்றிலிருந்து பழம் வெளியேற வழி இரண்டே. ஒன்று குழந்தை, யாரும் பார்க்காதபோது உரித்துத் தின்றுவிடும். மற்றொன்று பினாங்கு. பதினைந்தாம் இரவான சாப் கோ மேயன்று மணமாகாத பெண்கள் நல்ல கணவன் வேண்டி அங்கே கடலில் ஆரஞ்சு வீசுவார்கள். அண்மைக் காலத்தில் தோலின்மேல் தொலைபேசி எண்ணையும் எழுதிவிடுகிறார்கள், வலையோடு காத்திருக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். எனவே கடலில் விழுந்த பழமும் பெரும்பாலும் நிலத்துக்கே திரும்புகிறது. விதி நிலைத்தது.

சிவப்பு உறையும் இதே விதிக்குள் அடங்கும். ஹொக்கியன் மக்களுக்கு அது அங் பாவ், மாண்டரின் மொழியில் ஹொங்பாவ், ஹாங்காங்கில் லாய் சீ. மணமானவர் மணமாகாதவருக்குக் கொடுப்பது. அக்காள் தங்கை பிள்ளைக்குப் பத்து வெள்ளி, தங்கை அக்காள் பிள்ளைக்குப் பத்து வெள்ளி. புதுத்தாள் மாற்ற வங்கி வாசலில் நின்ற கால்வலி மட்டும் இரு வீட்டுக்கும் மிச்சம். கொடுத்தவர் முன்னால் பிரித்துப் பார்க்கலாகாது என்பதால், இந்தச் சமன்பாடு சரியாக இருக்கிறதா என்று அறிய எல்லாரும் இரவுவரை பொறுத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதானாலும் கல்யாணம் ஆகாதவர் வாங்கும் பக்கத்திலேயே இருப்பார். புத்தாண்டு விருந்தில் அவரைச் சூழ்ந்துகொண்டு, எப்போது கல்யாணம் என்று அத்தைமார் கேட்பதை அக்கறை என்று கொள்வது ஆய்வுப் பிழை. அது நிதித்துறைக் கேள்வி.

இவ்விடத்தில் தமிழர் உள்ளே நுழைகிறார். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சீன நண்பரின் கல்யாணத்துக்குப் போகும் தமிழர், பழக்கதோஷத்தில் உறைக்குள் நூற்றியொன்று வைத்துவிடக்கூடும். சீனர் வழக்கில் ஒற்றைப்படைத் தொகை துக்க வீட்டுக்குரியது. அது வெள்ளை உறையில் போகும், பெயர் பெக் கிம். மணமக்களுக்கு 88, 128 என்று இரட்டையில் வைக்க வேண்டும். எந்த ஹோட்டலில் மதிய விருந்துக்கு எவ்வளவு, இரவு விருந்துக்கு எவ்வளவு என்று சிங்கப்பூரில் ஆண்டுதோறும் பட்டியலே வெளியாகிறது. நம்மவர் அந்த ஒற்றை வெள்ளியைச் சேர்த்தது சுழியில் கணக்கு முடிந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தால். அவர்கள் இரட்டையாக்குவது எதுவும் தனித்து நின்றுவிடக் கூடாது என்பதற்காக. நோய் ஒன்றுதான். ஒருவர் மருந்து மற்றவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

கணக்கு முடியலாகாது என்ற இந்த அச்சமே நம் ஆய்வின் மையம். யான் யுன்சியாங் என்ற மானுடவியலாளர், ஹெய்லோங்ஜியாங் மாநிலத்தில் தாம் இளமையில் விவசாயியாக வாழ்ந்த சியாஜியா என்னும் சிற்றூரைப் பற்றி 1996இல் ஒரு நூல் வெளியிட்டார். பரிசுகளின் ஓட்டம் என்பதே அதன் தலைப்பு. யார் எந்த விசேஷத்துக்கு எவ்வளவு தந்தார் என்று ஒவ்வொரு வீட்டிலும் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள், அவற்றையே அவர் ஆதாரமாக்கினார். மொய் நோட்டு அறிந்த வாசகருக்கு இதற்குமேல் உரை வேண்டியதில்லை.

தடைகளுக்கு வருவோம். இத்துறையில் செல்வாக்குள்ளவர்கள் ஒலிக்கொள்கையர். எதைக் கேட்டாலும் ஒலியைக் காட்டுவார்கள். கடிகாரம் பரிசளிப்பதும் இறுதிக்கடன் செய்வதும் மாண்டரினில் ஒன்றாகவே ஒலிக்கும், ஆகவே கடிகாரம் கூடாது. குடை சிதறலை நினைவூட்டும், பேரிக்காய் பிரிவை. ஷாங்காயில் நோயாளியைப் பார்க்க ஆப்பிள் கொண்டுபோனால், அவ்வூர்ப் பேச்சில் அது நோயால் மாண்டார் என்பதுபோல் கேட்கும். அதே ஆப்பிள் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் அமைதியின் ஒலி பெற்று, வண்ணக் காகிதம் சுற்றிக்கொண்டு, இளைஞர்களிடையே பரிசாகப் போகும். கத்திக்கு ஒலியும் தேவைப்படவில்லை. வெட்டும் குணமே போதுமானதாக இருந்தது.

ஒலிக்கொள்கை பொய்யென்று நாம் சொல்லவில்லை, போதாது என்கிறோம். சீனத்தில் ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றையெல்லாம் பார்த்து அஞ்சினால் எந்தப் பொருளையும் எவருக்கும் கொடுக்க முடியாது. முடிதல், பிரிதல், சிதறுதல், வெட்டுதல் என்று இவை மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டது ஏன்? எல்லாம் உறவுக் கணக்கை மூடும் வினைகள். ஒலி வெறும் சாட்சி, வழக்கு வேறு.

நம் தரப்புக்குச் சான்றாக மத்தேயோ ரிச்சியை அழைக்கிறோம். இந்த இத்தாலியப் பாதிரியார் 1601இல் பெய்ஜிங்கில் வான்லி பேரரசருக்கு அனுப்பிய காணிக்கைகளில் தானே மணியடிக்கும் கடிகாரங்களும் இருந்தன. ஒலிக்கொள்கைப்படி அது ராஜத் துரோகம். பேரரசரோ அகமகிழ்ந்தார். கடிகாரத்தைப் பராமரிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டுமே என்பதும் ரிச்சி தலைநகரில் தங்கிவிடக் காரணமாயிற்று. 1610இல் அவர் இறந்தபோது புதைக்க அரசே இடம் தந்தது. பிற்காலத்தில் ஷாங்காய்க் கடிகாரத் தொழிலாளர் அவரைத் தங்கள் காவல் தெய்வமாக வணங்கினார்கள். கடிகாரத்துக்கு அவ்வப்போது சாவி கொடுக்க வேண்டியிருந்ததால் உறவு முடிய வழியே இல்லாமல் போயிற்று என்க.

எதிர்ச்சான்று 2015 ஜனவரியில் கிடைத்தது. பிரிட்டனின் போக்குவரத்துத் துறை அமைச்சர் சூசன் கிராமர், தைப்பே மேயர் கோ வென்-ஜேவுக்குச் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார். வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம், இல்லையேல் பழைய இரும்புக் கடையில் போடலாம் என்று மேயர் செய்தியாளர்களிடம் சொல்லிவைக்க, அமைச்சர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. சாவி கொடுக்க அவர் தைப்பேயில் தங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்க.

பரிகாரம் எளிது. கடிகாரமோ கத்தியோ கைக்கு வந்துவிட்டால், வாங்கியவர் உடனே ஒரு நாணயத்தைக் கொடுத்துவிட வேண்டும். அக்கணமே பரிசு விற்பனையாகிவிடும். வியாபாரத்தில் கணக்கு முடிவது மங்கலம். இந்த வசதியை அந்த அமைச்சரும் மேயரும் பயன்படுத்திக்கொள்ளாதது இரு நாட்டுக்கும் இழப்பே.

அழிவின்மை விதி உச்சத்தைத் தொட்டது மூன்கேக்கில். எட்டாம் மாதப் பௌர்ணமியன்று வரும் நடு இலையுதிர்காலத் திருநாளுக்குரிய இந்தப் பலகாரத்தில் தாமரை விதை விழுது, நடுவே உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கரு. ஒன்றைத் தின்றால் மறுவேளைப் பசி போய்விடும், ஆகவே யாரும் தின்ன அவசரப்படுவதில்லை. அடுத்தவருக்குக் கொடுக்கத்தான் அவசரம். சீனாவில் இதற்குச் சீட்டு அச்சடித்து விற்கிறார்கள். அதைப்பற்றிப் பலரும் சொல்லும் கணக்கு ஒன்றுண்டு. ஆலை, 100 யுவான் மதிப்புள்ள சீட்டை வியாபாரிக்கு 65க்கு விற்கிறது. வியாபாரி அதை ஒரு நிறுவனத்துக்கு 80க்கு விற்கிறார். நிறுவனம் ஊழியருக்குத் திருநாள் பரிசாகக் கொடுக்கிறது. ஊழியர் தெருமுனைத் தரகரிடம் 40க்குத் தள்ளிவிடுகிறார். தரகரிடமிருந்து ஆலையே 50க்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஆலைக்கு 15, வியாபாரிக்கு 15, தரகருக்கு 10, ஊழியருக்கு 40. கூட்டினால் நிறுவனம் செலவிட்ட 80 சரியாக வருகிறது. எல்லாருக்கும் திருநாள் முடிந்தது. மூன்கேக் ஒன்றுகூடச் சுடப்படவில்லை.

ஆரஞ்சில் பழம் குறையாமல் மரியாதை நகர்ந்தது. இங்கே பொருளே இல்லாமல் மரியாதை நகர்கிறது. ஆய்வாளர் மெய்சிலிர்க்கும் இடம் இது. அரசுக்கோ வேறு எண்ணம். பொதுப்பணத்தில் மூன்கேக் வாங்கிக் கொடுக்கலாகாது என்று கட்சியின் ஒழுங்கு ஆய்வு ஆணையம் 2013இல் தடுத்தது. 2022இல் 500 யுவானுக்கு மேற்பட்ட பெட்டிகள் கண்காணிப்புக்கு வந்தன. உறை மூன்று அடுக்குக்கு மேல் போகலாகாது, பெட்டிக்குப் பொன்வெள்ளியோ செம்மரமோ கூடாது, உள்ளே வேறு பொருளைச் சேர்த்து வைக்கவும் கூடாது என்றார்கள். இத்தனையையும் தடுக்க வேண்டியிருந்தது என்றால் அதற்குமுன் பெட்டிக்குள் பலகாரம் எந்த மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளட்டும்.

மறுப்பியல் பற்றிச் சில சொற்கள். நீட்டியதை உடனே வாங்குவது பேராசை. முதல் மறுப்பு கட்டாயம், இரண்டாவது மரபு, மூன்றாவதுக்குப் பின் வாங்கலாம். கொடுப்பவர் ஒரு மறுப்போடு நிறுத்திக்கொண்டால் அவர் மனதாரக் கொடுக்க வரவில்லை என்று பொருள். ஆகவே பாட்டி சிவப்பு உறையைப் பேரனின் சட்டைப்பைக்குள் திணிப்பார், தாய் அதை உருவித் திருப்பித் திணிப்பார், உறை காற்றில் பறக்கும், மின்தூக்கிக் கதவு மூடும் நேரத்தில் யாராவது ஒருவர் வென்றிருப்பார். உணவகத்தில் பில் கட்ட நடக்கும் மல்யுத்தமும் இப்பிரிவையே சார்ந்தது. அது தனி ஆய்வுக்கு உரியது, இங்கே விரிப்பின் பெருகும்.

இந்த உடலுழைப்பு அருகி வருவது வருத்தத்துக்குரியது. 2014 ஜனவரியில் வீசாட் செயலி கைபேசியிலேயே சிவப்பு உறை அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. ஓர் உறைக்கு 200 யுவான் வரம்பு. திணிக்கச் சட்டைப்பை இல்லை, துரத்த நடைவழி இல்லை. ஆனாலும் அதைச் செய்தவர்கள் மரபறிந்தவர்கள்தாம்: 24 மணி நேரத்துக்குள் திறக்காத உறை அனுப்பியவருக்கே திரும்பிவிடுகிறது. மறுக்கும் சிரமத்தை இயந்திரமே ஏற்றுக்கொண்டது.

இவ்வாய்வைத் தொடர, குறிப்பாக வெயிலில் பழம் களைக்கும் விதத்தை நேரில் அறிய, நிதி தேவைப்படுகிறது. உதவ விரும்புவோர் சிவப்பு உறையில், புதுத்தாளாக, இரட்டைப்படையில் அனுப்பலாம், நான்கைத் தவிர்க்கவும். முதல் மூன்று முறை திருப்பி அனுப்பிவிடுவோம். அதைக் கண்டு அன்பர்கள் யாரும் நிறுத்திக்கொள்ளலாகாது.