புறாவுக்குப் பாடம் உண்டு, மனுசனுக்கு?

ஏலே பேராண்டி, டெக்சாஸ்ல இடுப்புல கைத்துப்பாக்கியைச் சொருகிக்கிட்டுத் திரியப் போறியாமே! ஒங்க ஆச்சிக்குப் பெருமை பிடிபடல. பேரன் இன்ஸ்பெக்டர் ஆயிட்டான்னு தெரு முழுக்கச் சொல்லிட்டா. நானும் மறுத்துப் பேசல.

யோகக்காரன்லே நீ. முன்னெல்லாம் அங்க கைத்துப்பாக்கியோட வெளியில நடமாடணும்னா லைசென்ஸ் வேணும். லைசென்ஸுக்கு வகுப்புல உக்காரணும், சுட்டும் காட்டணும். 2021 செப்டம்பர் 1-ம் தேதியோட அந்தத் தொல்லை தீந்துச்சு. 1927-ம் நம்பர் மசோதா சட்டமா வந்து, வயசு 21 ஆச்சா, துப்பாக்கி வச்சிருக்கச் சட்டத்தடை ஏதும் இல்லையா, போ ராசான்னு விட்டுட்டாங்க. குண்டு எந்தப் பக்கம் வரும்னு கேக்கக்கூட ஒரு வாத்தியார் கிடையாது.

அந்தத் தைரியத்துல புறா வேட்டைக்குக் கெளம்பிராத. 1971 செப்டம்பர் 2-ம் தேதியோ அதுக்குப் பொறகோ பொறந்தவன் அங்க வேட்டைக்குப் போகணும்னா, அதுக்குன்னு இருக்க பாடத்தைப் படிச்சுத் தேறணும். நான் அதுக்கு முந்திப் பொறந்தவன், படிக்காமலே சுடலாம். நீ பரீட்சை எழுதித்தான் ஆகணும். காரும் அப்படித்தான். 18-ல இருந்து 24 வயசுக்குள்ள முதல் லைசென்ஸ் வாங்குத பிள்ளைக்கு 6 மணி நேரப் பாடம். ஆக, புறாவுக்குக் காவல் இருக்கு, ரோட்டுக்குக் காவல் இருக்கு. கடையில ஒம் பக்கத்துல நிக்குத மனுசன்தான் பாவம்.

நியூயார்க்குக்காரன் வேற ரகம். 2022-ல அவனோட பழைய லைசென்ஸ் கெடுபிடியை உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. பண்ணின கையோட, வகுப்புல 16 மணி நேரம், நெசமாவே சுட்டுப் பழக 2 மணி நேரம்னு புதுச் சட்டம் போட்டுட்டான். ரெண்டு நாள் சும்மா உக்காரப் பொறுமை இல்லாதவன் கையில துப்பாக்கி எதுக்கு? அந்த மட்டுக்கு நல்ல பரீட்சைதான்.

டெக்சாஸ்லயும் லைசென்ஸ் ஒழிஞ்சு போயிரல. வேணும்னா வாங்கிக்கலாம், வேற பல மாநிலத்துலயும் செல்லும். அதுக்குச் சுடுத பரீட்சையில மொத்தம் 50 குண்டு. 3 கஜத்துல 20, 7 கஜத்துல 20, 15 கஜத்துல 10. 250-க்கு 175 எடுத்தா பாஸ். 3 கஜம்னா 9 அடி. அடுப்படியில இருந்து ஒங்க ஆச்சி எம்மேல கரண்டியை வீசுத தூரம். அவ எந்த வகுப்புக்கும் போகாமலே 250-க்கு 250 எடுப்பா.

சுடுதது கெடக்கட்டும். டெக்சாஸ் லைசென்ஸுக்குன்னு நடக்குத 4-ல இருந்து 6 மணி நேர வகுப்புல வேற என்ன சொல்லித் தாராங்கன்னு பாரு. எப்ப சுட்டா சட்டம் தாங்கும், எப்ப சுட்டா ஜெயில். சின்னப் பிள்ளைக கைக்கு எட்டாம எப்படிப் பூட்டி வைக்க. அடிதடி இல்லாம ஒரு சண்டையை எப்படி முடிக்க. கடைசிப் பாடம் ஒனக்குன்னே வச்சதுலே. கேரம்ல தோத்ததுக்குப் பலகையைத் தூக்கி முத்தத்துல எறிஞ்சவன் நீ.

லைசென்ஸுக்குக் கட்டணம் 40 டாலர்தான். ஒஞ் செருப்பு அதைவிட வெலை கூடுதல். கட்டாயம் இல்லங்கறதுக்காகப் போகாம இருந்துராத. வகுப்புக்குப் பேர் குடுத்துட்டுப் போன் பண்ணு. அதுவரைக்கும் நானும் ஆச்சியும் அங்க வரதுக்கு டிக்கெட் போடுததா இல்ல.