குக்கர் விசிலின் மாத்திரைக் கணக்கும் அதை எண்ணும் சிறாரும்: ஓர் ஆய்வு

தமிழ் வீட்டில் ஒரு பிள்ளையிடம் முதன்முதலாக ஒப்படைக்கப்படும் சமையல் வேலை எது? காய் நறுக்குவதல்ல; கையை நறுக்கிக்கொள்ளும். அரிசி களைவதல்ல, பாதி அரிசி கழுநீரோடு போய்விடும். "மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடு, நான் குளிச்சிட்டு வந்துடறேன்" என்பதே அது.

குக்கரின் வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை. 1679இல் லண்டனில் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் மூடிய பாத்திரத்தில் எலும்பையே குழைய வேகவைத்துக் காட்டினார். பாத்திரம் வெடிக்காதிருக்க எடை வைத்த வால்வு ஒன்றையும் பொருத்தினார். நம் 'வெயிட்'டுக்குக் கொள்ளுப்பாட்டி அதுதான்.

சிக்கல் எண்ணிக்கையில் தொடங்குகிறது. தொல்காப்பியர் மாத்திரையைக் கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று அளந்து வைத்தார். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை. விசிலுக்கு அப்படியொரு இலக்கணம் வகுக்கப்படாததே சிறாரின் துன்பங்களுக்கெல்லாம் மூலம். 'உஸ்' என்று தொடங்கி அப்படியே அடங்கிப்போவது ஒன்றா, அரையா? இதைக் குற்றியல்விசில் என்று கொள்வோம். வெயிட் ஆடி ஆடி நீண்டு, சுவரெல்லாம் பருப்புத்தண்ணி தெளிப்பது அளபெடை விசில். இதை ஒன்று என்பாரும் இரண்டு என்பாரும் உளர். என் வீட்டில் இரு சாராரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது, பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில். இது இடைச்செருகல், தள்ளுபடி.

ஆகவே, "எத்தனை ஆச்சு?" என்று கேட்டால் டிவியிலிருந்து கண்ணெடுக்காமல் "ரெண்டரை" என்னும் பிள்ளையைத் திட்டுவது முறையாகாது. உண்மையில் விசில் நேரத்தின் அளவே அல்ல. உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ கூடும்போது வெயிட் எழும்பி மிச்ச ஆவியை வெளியே விடுகிறது, அவ்வளவே. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறுவதால் பருப்பு சீக்கிரம் வேகிறது. தீயைக் கூட்டினால் விசில் அடுத்தடுத்து வரும். பருப்பு அதற்காக அவசரப்படாது. முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் இத்தனை நிமிடம் என்று பார்ப்பதே நம்பகமான கணக்கு. எண்ணு என்கிறோம், எதற்கு என்று சொல்வதில்லை. பெண்பிள்ளைக்காவது பருப்புக் கடைவது, ரசம் கூட்டுவது என்று பாடம் மேலே நகர்கிறது. ஆண்பிள்ளைக்கு விசிலோடு பட்டமளிப்பு விழா.

இக்கட்டுரையாளன் அப்படிப் பட்டம் பெற்றவன். இருபத்திரண்டு வயதில் வேலைக்குப் போன ஊரில், வாடகை அறையில், அடுப்பில் புதுக் குக்கரை ஏற்றிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டான்.

"துவரம்பருப்புக்கு எத்தனை விசில்மா?"

"எனக்கென்ன தெரியும்? நான் எங்கே எண்ணினேன்? வாசம் வந்தா அணைச்சிடுவேன்."

"அப்புறம் என்னை எதுக்கு அத்தனை வருஷம் எண்ணச் சொன்னே?"

"அப்பதானே நீ டிவி சத்தத்தைக் குறைப்பே."

இத்தரவு ஆய்வின் அடித்தளத்தையே ஆட்டிவிட்டது. திகைத்து நின்றவனிடம் போனைக் குக்கர் பக்கம் நீட்டச் சொன்னாள் அம்மா. நீட்டினான்.

"ஏண்டா, வெயிட்டே போடலியே நீ" என்றாள்.