ஆள் பிடித்த கதை

மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் குறைந்தது 12 வாரம் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சில் விதி. கோர்ட் எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. நான் அதை ஆள் பிடிக்கும் சீசன் என்று எடுத்துக்கொண்டேன். சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது, நாலு பேரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று கல்லூரியில் யாரோ பேசிவிட்டுப் போனதன் விளைவு.

லிங்க்ட்இனில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சேர்த்தேன். முக்கால்வாசிப் பேர் என்னைப் போலவே ஆள் தேடிக்கொண்டிருந்த மாணவர்கள்.

அடுத்து, விசிட்டிங் கார்டு. பெயருக்குக் கீழே 'சட்ட ஆலோசகர்' என்று போட்டிருந்தேன். வாடகை ஒப்பந்தம் ஒன்றைக்கூட முழுதாகப் படித்திராத ஆலோசகர்! நான் பயிற்சிக்குப் போன ஆபீஸின் குமாஸ்தா அண்ணன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, சீனியரே வாசல்ல சின்னதாத்தான் போர்டு வச்சிருக்காரு. என்ரோல் ஆகாத உனக்கு எதுக்குப்பா இது?"

வழக்கறிஞர் விளம்பரம் தேடக் கூடாது, பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும் என்பது பார் கவுன்சிலின் 36ஆம் விதி. பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

உச்சம், சென்னை உயர் நீதிமன்ற வராந்தாவில். பெரிய சீனியர் ஒருவர் வேகமாக வந்தார். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த ஆங்கில அறிமுகத்தோடு குறுக்கே போய் நின்றேன். வெள்ளைச் சட்டை, கறுப்பு டையைப் பார்த்து யாரோ ஜூனியர் என்று நினைத்துவிட்டார் போல. கேஸ் கட்டைக் கையில் திணித்து, "நம்ம ஐட்டம் வந்துரும், பாஸ் ஓவர் கேட்டு வை" என்று அடுத்த கோர்ட்டுக்கு ஓடிவிட்டார்.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர்தான் பிறருக்காக எழுந்து பேசலாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். நம்பரைக் கூப்பிட்டார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு ஜூனியர் அக்கா என் மடியில் இருந்த கட்டைப் பார்த்தார், எழுந்தார், சீனியர் வேறு கோர்ட்டில் இருப்பதாகச் சொல்லி, வழக்கைக் கொஞ்சம் கழித்து எடுக்கும்படி பாஸ் ஓவர் கேட்டார். நீதிபதி தலையசைக்க, அடுத்த ஐட்டம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இன்று இவர் ஒருவருக்காக எழுகிறார், நாளை இவருக்காக இன்னொருவர் எழுவார். அந்தக் கட்டடத்தில் தினமும் நடக்கிற காரியம். நான் தேடியது இதைத்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

நன்றி சொல்வதற்குப் பதில் என் கார்டை நீட்டினேன். அவர் அதன் பின்பக்கம் ஐட்டம் நம்பரை எழுதி, "ஓடிப் போய் உன் சீனியர்கிட்ட சொல்லு" என்று திருப்பிக் கொடுத்தார்.

பயிற்சிக்கு வரப்போகும் தம்பி தங்கைகளே, கார்டுக்குக் காசைக் கரியாக்காதீர்கள். முந்தின நாளே வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, எந்தக் கோர்ட்டில் எந்த ஐட்டம் ஓடுகிறது என்று சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரைச் சீனியர்களே கேட்பார்கள். என் பெயரை இதுவரை கேட்டவர் கேன்டீன்காரர் ஒருவர்தான், பாக்கிக்காக.