ஷிஃப்ட் விசை என்னும் பயங்கர ஆயுதம்

அமெரிக்காவில் பூட்டை உடைப்பவரைவிட, பூட்டு சொத்தை என்று சொல்பவருக்கே சில சமயம் ஆபத்து அதிகம். 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் உபயம். டிஜிட்டல் பூட்டைத் தாண்டுவது குற்றம். தாண்டும் கருவியைப் பரப்புவதும் குற்றம்.

2003 அக்டோபரில் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன், சன்காம் நிறுவனத்தின் பாட்டு சிடி பாதுகாப்பைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். விண்டோஸ் கணினியில் சிடியைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் போதும், காவல் மென்பொருள் ஏறவே ஏறாது! நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. வழக்குப் போடுவோம் என்று கர்ஜித்தார்கள். மறுநாளே மனம் மாறிவிட்டார்கள். பாவம், யாரோ விவரம் தெரிந்தவர் விசைப்பலகையைக் காட்டியிருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு கள்ளச்சாவிகள் அல்லவா இருக்கின்றன! டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துபவர்களை எந்தப் பிரிவில் கைது செய்வது?

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. டிவிடி பூட்டைத் திறக்கும் டிஇசிஎஸ்எஸ் நிரலை வெளியிட 2600 என்ற இதழுக்கு 2000-இல் நியூயார்க் நீதிமன்றம் தடை விதித்தது. அது கிடைக்கும் இடத்துக்கு இணைப்பு கொடுக்கவும் தடை. நிரலை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்ற கம்பெனியையும் வேறொரு வழக்கில் இழுத்தார்கள். சட்டையைக் கழற்றினால் நிரபராதி என்று வைத்துக்கொள்ளலாமா?

2001-இல் ஃபில் கார்மடி என்பவர் அந்த நிரலை 1401 இலக்கப் பகா எண்ணாகவே மாற்றிக் காட்டினார். பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்று யூக்ளிட் எப்போதோ நிரூபித்துவிட்டார். வக்கீல்களுக்கு இனி ஓய்வு ஏது?