அங்கவடிக்குள் நுழையும் நாய்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள நியூ ஃபாரஸ்ட் காட்டை 1079 வாக்கில் வேட்டைக்கென்று ஒதுக்கிக்கொண்டவர் மன்னர் முதலாம் வில்லியம். மானும் அவருடையது, அதைத் துரத்தும் உரிமையும் அவருடையது. ஊரார் வீட்டுக் காவல்நாய்க்கு இது தெரியாதே! அதனால் அதன் முன்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட்டார்கள். வெட்டாத நாய் சோதனையில் அகப்பட்டால் வளர்த்தவருக்கு 3 ஷில்லிங் அபராதம் என்றது 1217ஆம் ஆண்டின் வன சாசனம். சோதனை மூன்றாண்டுக்கு ஒருமுறைதான். பாதத்தின் சதையில் கைவைக்கக் கூடாது என்ற கருணையும் அதில் உண்டு.

சின்ன நாய்க்கு விலக்கு. சின்னது எது? லிண்ட்ஹர்ஸ்ட் ஊரின் வன நீதிமண்டபத்தில் பழைய அங்கவடி ஒன்று இருக்கிறது. அதற்குள் நுழைந்து வெளிவரும் நாய் சின்ன நாய் என்பது அங்கே வழங்கும் கதை. 1100இல் இறந்த மன்னர் ரூஃபஸின் பெயரை அது தாங்கியிருந்தாலும், செய்யப்பட்டதென்னவோ டியூடர் காலத்தில். எப்படியானாலும், நாய்க்கு நெய்ச்சோறு போட்டு வளர்த்தவர் பாடு திண்டாட்டம்தான்.

இன்று அரசனின் இடத்தில் பறவைகள். ஆள்காட்டியும் பக்கியும் தரையிலேயே முட்டையிடுவதால், மார்ச் முதல் ஜூலை வரை நாயோடு பெரிய பாதையை விட்டு விலக வேண்டாம் என்கிறார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட வெளிகளில் இதே மாதங்களில் 2 மீட்டருக்கு மிகாத வார் கட்டாயம். கால்நடைக்கு அருகில் ஆண்டு முழுதும் கட்டாயம். ஆனால் மாடு முட்ட வந்தால் வாரை விட்டுவிட வேண்டும்: நாய் ஓடித் தப்பிவிடும், மனிதருக்கு அந்தத் திறமை போதாது.

"கூப்பிட்டால் வந்துவிடும்" என்பவர்களுக்கு ஃபென்டன் ஒருவன் போதும். 2011இல் லண்டன் ரிச்மண்ட் பூங்காவில் மான் கூட்டத்தைத் துரத்திய அந்த லாப்ரடார், பின்னால் கத்திக்கொண்டே ஓடியவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. உலகமே காணொளியில் பார்த்தது.

கடைசியாக, கழிவு. நடுக்காட்டில் குச்சியால் புதருக்குள் தள்ளிவிடுங்கள் என்றுகூட வனத்துறை சொல்லிப் பார்த்தது. 2017இல் நாடாளுமன்றத்திலும் அந்த யோசனை பேசப்பட்டது. காரணம், சிலர் அதைப் பொறுப்பாகப் பையில் கட்டி, பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டுவதுபோல் மரக்கிளையில் தொங்கவிட்டுப் போகிறார்கள். கட்டிய பையைக் குப்பைத்தொட்டிவரை கொண்டுபோங்கள், ஐயா. எடுத்துப்போக வேறு யாரும் வரப்போவதில்லை.