தாடைக் கவசம்

கொரோனா பரவிய 2020 தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம், நோய் இல்லாதவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றது. ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம், வீட்டில் தைத்ததையாவது கட்டிக்கொண்டு வெளியே போங்கள் என்றது. ஜூன் 5 அன்று உலக சுகாதார நிறுவனமும் துணிக்கவசத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தெருக்காரர்கள் மூன்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். மூன்றுக்கும் ஒத்துவரும்படி கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டார்கள். போடவில்லை என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. போட்டிருக்கிறார் என்றும் சொல்ல முடியாது.

அந்தச் செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி அபராதப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய். பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500. இந்தக் கணக்கை உடனே புரிந்துகொண்டவர் எங்கள் தெருமுனையில் வெற்றிலை போடும் பெரியவர்தான்.

"தம்பி, துப்பணும்னா இதை இறக்கணும். இறக்கினா இருநூறு. துப்பினா ஐந்நூறு. ஆக ஒரு வெத்தலை எழுநூறு ரூபா. பேசாம முழுங்கிடுறேன்."

அவர் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லியும் நடக்காத காரியத்தில் பாதியை அரசிதழ் முடித்துவைத்தது. பொதுச் சுகாதாரத்துக்கு இதைவிட என்ன வெற்றி வேண்டும்?

மூக்கும் வாயும் இரண்டுமே மூடியிருக்க வேண்டும் என்று விதி தெளிவாகத்தான் சொன்னது. ஆனால் எங்கள் ஊரில் தலைக்கவசம் பல காலம் பெட்ரோல் டேங்கின் மேல் பயணம் செய்து பழகியது. சிக்னல் நெருங்கும்போதுதான் தலைக்கு ஏறும். முகக்கவசமும் அதே பள்ளியில் படித்தது. காக்கிச் சட்டை கண்ணில் பட்டதும் தாடையிலிருந்து மூக்குக்கு ஏறும், அந்த இடம் தாண்டியதும் இறங்கிவிடும். கிருமி கண்ணுக்குத் தெரியாதது, காவலர் தெரிகிறார். தெரிகிறவருக்குத்தானே மரியாதை?

என்னைப் போன்ற மூக்குக் கண்ணாடிக்காரர்களின் நிலைமை வேறு. மூக்கை மூடினால் மூச்சு மேலே போய்க் கண்ணாடியில் படியும். பேருந்தின் எண் தெரியாது. வருகிற பேருந்தெல்லாம் எனக்கு வேண்டிய பேருந்தாகவே தோன்றும். ஒரு நாள் நிறுத்தத்தில் நின்ற காவலர் கையசைத்தார்.

"சார், மூக்கை மூடுங்க."

"மூடினா கண்ணு தெரியல சார்."

"கண்ணுக்கு அபராதம் இல்ல சார். மூக்குக்குத்தான்."

இதைவிடத் துல்லியமாக அந்தச் சட்டத்தை எந்த வழக்கறிஞரும் விளக்கிவிட முடியாது. மூடிக்கொண்டேன்.

வங்கிக்குப் போனால் இன்னொரு வேடிக்கை. தலைக்கவசத்தோடோ முகத்தை மூடிக்கொண்டோ உள்ளே வரக்கூடாது என்ற பழைய அறிவிப்புக்குப் பக்கத்திலேயே, முகக்கவசம் இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று புதிய அறிவிப்பு. இரண்டுக்கும் நடுவில் வாசல் காவலாளி. "சார், கொஞ்சம் இறக்குங்க, கேமராவைப் பாருங்க... சரி, ஏத்திக்கங்க." இரண்டு விதிகளையும் ஒரே மூச்சில் நிறைவேற்றிய மனிதர் அவர்.

இது நம் ஊர்க் குழப்பம் மட்டும்தான் என்று வருந்த வேண்டாம். பிரான்சில் பொது இடத்தில் முகத்தை மறைக்கக் கூடாது என்று 2010-இல் சட்டம் போட்டார்கள். மறைத்தால் 150 யூரோ வரை அபராதம். 2020 மே மாதம் பேருந்திலும் ரயிலிலும் முகத்தை மூடாவிட்டால் 135 யூரோ என்றார்கள். உடல்நலக் காரணத்துக்குப் பழைய சட்டத்திலேயே விலக்கு வைத்திருந்ததால் பிழைத்தார்கள். இல்லையென்றால் பாரிஸ்காரர் தினமும் காலையில் எந்தக் குற்றம் மலிவு என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருப்பார்.

டெல்லிக்காரர்கள் பாடு அதைவிடச் சுவை. காரில் தனியாகப் போகிறவரும் கவசம் போட வேண்டும் என்றார்கள். அபராதம் கட்ட நேர்ந்த வழக்கறிஞர்கள் சும்மா இருப்பார்களா? நீதிமன்றம் போனார்கள். கார் பொது இடம்தான், தனியாக இருந்தாலும் கவசம் கட்டாயம்தான் என்று 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிக்னலில் கண்ணாடியை இறக்கி ஏதாவது வாங்க நேரலாம் அல்லவா என்பது ஒரு காரணம். காகிதத்தில் நியாயம்தான். ஆனால் 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், இந்த அபத்தமான உத்தரவு இன்னும் ஏன் இருக்கிறது என்று அரசைக் கேட்டது. சில நாளில் தனி ஓட்டுநர்களுக்கு விடுதலை கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் ஸ்டியரிங்குக்கு நோய் பரவாமல் காத்தார்களோ!

விலையையும் அரசு விடவில்லை. மூன்றடுக்குக் கவசம் 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று 2020 மார்ச்சிலேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் ஆளுக்கு இரண்டு துணிக்கவசம் இலவசம். அதே ஆண்டில் கோவையில் ஒரு பொற்கொல்லர் தங்க இழையில் கவசம் செய்தார். விலை இரண்டே முக்கால் லட்சம் என்று செய்தி. அந்தப் பணத்துக்கு 200 ரூபாய் அபராதத்தை 1,375 முறை கட்டலாம். ஆனால் ரசீதை முகத்தில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக முடியாதே.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் கவசம் போடாததற்கான அபராதம் 500 ஆனது. ஏப்ரல் தொடக்கத்தில், இனி அபராதம் இல்லை என்றார்கள். தெருவே தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. அந்த மாதமே சென்னை ஐஐடியில் தொற்று பரவ, 500 ரூபாய் திரும்ப வந்தது. அரசைக் குறை சொல்ல மாட்டேன். கிருமி தன் கால அட்டவணையை யாரிடமும் கொடுத்துவைக்கவில்லை. துணிக் கவசமானாலும் மூக்கில் இருந்தால் பயன் உண்டு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்த தொற்றுக்கு விதி எழுதப்போகும் அதிகாரிகளுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: குழுவில் கண்ணாடி போட்ட ஒருவரையும் வெற்றிலை போடும் ஒருவரையும் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.